கோத்தகிரி நண்பருக்கு: குளிர் காரணமில்லை, கோடெக்கைப் பாருங்கள்

வணக்கம். உங்கள் கோர் 2 டுவோ புராசஸர் கணினி பழைய 1080பி படங்களை நன்றாக ஓட்டுகிறது, அளவில் சிறிய புதிய கோப்புகளில் மட்டும் திணறுகிறது, மலைக்குளிரில் பழுதாகிவிட்டதோ என்று கேட்டிருந்தீர்கள்.

பழுதே இல்லை. கோடெக் என்பது வீடியோவைச் சுருக்கிவைத்து, பார்க்கும்போது விரிக்கும் முறை. விஎல்சி பிளேயரில் படம் ஓடும்போது கண்ட்ரோல், ஜே இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கோடெக்கின் பெயர் தெரியும். எச்.264 என்று வந்தால் விரிக்கும் வேலையை உங்கள் ஜிடி 710 கிராபிக்ஸ் அட்டை பார்த்துக்கொள்ளும். எச்.265 என்றால் அது 2013இல் வந்த முறை. கோப்பு சுருங்கும், விரிக்கும் வேலை பெருகும். அதற்கான வசதி அந்த அட்டையில் இல்லை, முழுச் சுமையும் புராசஸர் தலையில் விழுகிறது.

தயவுசெய்து ராம் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். ஜிடி 1030 கிராபிக்ஸ் அட்டை போதும். 30 வாட்தான், தனி மின்கம்பி வேண்டாம், நிற நுணுக்கம் கூடிய 10 பிட் எச்.265கூட ஓடும். ஆனால் சில பழைய மதர்போர்டுகள் புதிய அட்டையை ஏற்காது. கோவைக்கு இறங்கும்போது கணினியையும் கொண்டுபோய், கடையிலேயே பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

பெட்டியைத் திறக்கும்போது புராசஸர் விசிறிக்கு அடியிலும் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் தூசி கம்பளிபோல் படிந்து, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இடுக்குகளை அடைத்துவிடும். மெல்லிய தூரிகையால் எடுத்துவிடுங்கள்.

யூடியூபும் திணறினால் பிரவுசரில் எச்264இஃபை நீட்சியைச் சேருங்கள். அது யூடியூப் வீடியோவை எச்.264 முறையிலேயே வரவைக்கும். 1080பி வரை இப்போதுள்ள அட்டையிலேயே ஓடும்.