வல்லமும் விசைப்படகும் ஒரே பெயரில்

வாசகர் கேள்விகள்: இந்த இதழில் ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்தவை

கேள்வி: இந்தியா நிலவுக்கு விண்கலம் அனுப்புகிறது. உலக வர்த்தக அமைப்பில் மட்டும் ‘வளரும் நாடு’ என்று சொல்லிச் சலுகை கேட்கிறது. இந்தப் பட்டத்தைக் கொடுத்தது யார்? (வாசகர், தங்கச்சிமடம்)

யாரும் கொடுக்கவில்லை. அந்த அமைப்பில் ஒரு நாடு தன்னை வளரும் நாடு என்று தானே அறிவித்துக்கொள்ளலாம். அதை வைத்துக் கேட்கும் சலுகையை மற்ற நாடுகள் எதிர்க்கலாம். ஐ.நா.வின் ‘மிகப் பின்தங்கிய நாடுகள்’ பட்டியலில்தான் சோதனை உண்டு: தனிநபர் வருமானம், மக்களின் கல்வியும் உடல்நலமும், பொருளாதார-சுற்றுச்சூழல் நலிவு என மூன்று அளவுகோல்கள். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வு செய்கிறார்கள். இனி நடக்கும் பேச்சுகளில் புதிய சலுகை கேட்கமாட்டோம் என்று 2025 செப்டம்பரில் சீனா அறிவித்தது. ஆனால் வளரும் நாடு என்ற பெயரை அது விடவில்லை.

நம் கரையில் ‘மீனவர்’ என்ற சொல்லும் இப்படித்தான். இரண்டு விசைப்படகு வைத்திருப்பவரும் மீனவர், சின்னப்பாலத்தில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்ணும் மீனவர். யாரைக் காட்டிச் சலுகை கேட்கிறார்கள், அது யார் கைக்குப் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஜெனீவா ஒப்பந்தத்தால் மானிய டீசல் நின்றுவிடும் என்று கடலோரத்தில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா? (படகு உரிமையாளர், ராமேஸ்வரம்)

இப்போதைக்கு இல்லை. உலக வர்த்தக அமைப்பின் மீன்பிடி மானிய ஒப்பந்தம் 2022 ஜூன் 17 அன்று ஜெனீவாவில் ஏற்கப்பட்டது. 166 உறுப்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 111 நாடுகள், முறைப்படி ஒப்புக்கொண்டால்தான் அமலுக்கு வரும் என்பது விதி. 2025 செப்டம்பர் 15 அன்று பிரேசில், கென்யா, வியட்நாம், டோங்கா ஆகிய நான்கும் ஒப்புதல் கொடுத்து அந்த எண்ணிக்கையை நிறைவு செய்தன. நான்குமே வளரும் நாடுகள் என்பதைக் கவனியுங்கள். அன்றைய பட்டியலில் சீனாவும் அமெரிக்காவும் உண்டு, இந்தியா இல்லை. ஒப்புக்கொள்ளாத நாட்டை இந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது.

அது தடுப்பது மூன்று வகை மானியத்தை: சட்டவிரோதமாகவோ, கணக்கில் காட்டாமலோ, முறைப்படுத்தாமலோ மீன் பிடிக்கும் படகுக்கானது, அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு அருகிப்போன மீன் இனங்களைப் பிடிப்பதற்கானது, எந்த அமைப்பின் நிர்வாகத்திலும் இல்லாத ஆழ்கடல் மீன்பிடிக்கானது. அரசு வரியை வாங்காமல் விடுவதும் உலக வர்த்தக அமைப்பின் கணக்கில் மானியம்தான். ஆகவே வரிவிலக்கு டீசல் இந்தப் பேச்சுக்குள் வருகிறது.

இரண்டாவது வகைக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது: மீன்வளத்தை மீட்க நடவடிக்கை எடுக்கும் நாடு மானியத்தைத் தொடரலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நாம் கடைப்பிடிக்கும் 61 நாள் தடைக்காலத்தை அதற்குச் சான்றாக முன்வைக்கலாம். பாக் நீரிணைப் படகுகளுக்கு உண்மையான சிக்கல் முதல் வகையில் இருக்கிறது. சட்டவிரோத மீன்பிடி என்று முடிவு செய்யும் அதிகாரம் படகின் நாட்டுக்கு மட்டுமல்ல, கடலுக்குரிய நாட்டுக்கும் உண்டு. இலங்கை தன் கடலில் இழுவை மடியை (விசைப்படகு இழுத்துச் செல்லும் வலை) 2017இலேயே சட்டத்தால் தடை செய்துவிட்டது. எல்லை தாண்டிப் பிடிபடும் படகை அந்நாடு அப்படி அறிவித்தால், இந்தியா ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கும் பட்சத்தில், அந்தப் படகின் மானியம் நிற்கும். முன்னறிவிப்பும், விவரங்களைப் பரிமாறிக்கொள்ள வாய்ப்பும் தந்த பிறகே அறிவிக்க முடியும். எத்தனை காலம் நிறுத்துவது என்பதை மானியம் தரும் நாடு குற்றத்தின் தன்மை பார்த்து முடிவு செய்யும். வளரும் நாடுகளுக்கு இரண்டு ஆண்டு விலக்கு உண்டு, ஆனால் அது தங்கள் 200 கடல் மைல் பொருளாதார மண்டலத்துக்குள் நடக்கும் மீன்பிடிக்கு.

அதனால் கடலுக்குப் போகும் முன் வாங்கும் அனுமதி டோக்கன், பதிவுச் சான்று, உரிமம் மூன்றும் படகில் இருக்கட்டும். பெரும்பாலும் விட்டுப்போவது பிடித்த மீனின் கணக்கு. டோக்கன் வாங்கினால் போனது பதிவாகும், பிடித்தது பதிவாகாது. ‘கணக்கில் காட்டாதது’ என்ற குற்றச்சாட்டு அந்த இடைவெளியில்தான் நுழையும்.

மீன்பிடித் திறனையே பெருக்கும் மானியங்கள் பற்றிய இரண்டாம் கட்டப் பேச்சு 2024இல் அபுதாபியில் முடிவின்றிக் கலைந்தது. வளரும் நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் வேண்டும், தொலைதூரக் கப்பல் படை வைத்திருக்கும் நாடுகள் 25 ஆண்டு மானியத்தை நிறுத்த வேண்டும் என்பது இந்தியாவின் நிலை. இரண்டும் நியாயமானவை. ஆனால் சிறு மீனவர் பெயரைச் சொல்லி அங்கே வாதாடுகிறோம். இங்கே 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் உயர்த்தி அறிவித்த வரிவிலக்கு டீசல் அளவு, விசைப்படகுக்கு ஆண்டுக்கு 19,000 லிட்டர், இயந்திரம் வைத்த நாட்டுப்படகுக்கு 4,400 லிட்டர். இந்தக் கணக்கு நம் வாதத்தின் பலத்தைக் குறைக்கிறது. விலக்கு வல்லம் போன்ற சிறு நாட்டுப்படகுக்கு என்று எழுதிக் கேட்டால் மறுப்பது எதிர்த்தரப்புக்கு மிகக் கடினம்.

கேள்வி: கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்குவதில்லையே, ஆமை வழக்கில் இந்தியா வென்றதாகப் படித்தேனே? (வாசகர், மண்டபம்)

பாதி வெற்றி. ஆமை தப்பிக்கும் கருவி இல்லாத மடியில் பிடித்த இறாலை வாங்கக்கூடாது என்ற 1989ஆம் ஆண்டுச் சட்டத்தை அமெரிக்கா 1996இல் எல்லா நாடுகளுக்கும் விரித்தது. கரீபியன் பகுதி நாடுகளுக்கு மூன்று ஆண்டு அவகாசம், மற்றவர்களுக்கு நான்கே மாதம். இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 1998 அக்டோபரில் அதன் மேல்முறையீட்டு அமைப்பு, ஆமையைக் காக்கும் நோக்கம் செல்லும், நாட்டுக்கு நாடு பாகுபாடு காட்டியது செல்லாது என்றது. அமெரிக்கா நடைமுறையைத் திருத்திக்கொண்டு சட்டத்தை வைத்துக்கொண்டது. மலேசியா மீண்டும் வழக்காடி 2001இல் தோற்றது. 2019 முதல் இந்தியக் கடல் இறாலுக்கு அங்கே வழி அடைபட்டது. பண்ணை இறாலுக்கு இந்தத் தடை இல்லை.

கருவி என்பது மடியின் வால்பகுதிக்கு முன்னால் சாய்வாகப் பொருத்தும் கம்பிச் சட்டம். கம்பிகளுக்கு நடுவே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது, சாய்வு 30 முதல் 55 பாகைக்குள் இருக்க வேண்டும். சாய்வு செங்குத்தானால் ஆமை வழுக்கி வெளியேறாமல் சட்டத்தோடு அழுந்தும், கடற்புல்லும் குப்பையும் அடைக்கும். அடைத்ததும் இறால் ஆமைக்கான வாசல் வழியே போய்விடும். ‘கருவி போட்டால் பாடு (பிடிபடும் மீன்) போச்சு’ என்ற மனக்குறைக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். வலை இழுபட்டுச் சாய்வு மாறும் என்பதால் அவ்வப்போது அளந்து பாருங்கள். சட்டம் தரையில் உரசாதபடி மிதவையும் கட்ட வேண்டும்.

கேள்வி: 2022இல் இலங்கையிலிருந்து தனுஷ்கோடிக்கு அகதிகள் வந்தார்களே, இலங்கையின் கடன் சிக்கலைத் தீர்க்க இந்தியாவும் சீனாவும் ஏன் ஒன்றாக உட்காரவில்லை? (கல்லூரி மாணவி, ராமநாதபுரம்)

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. பன்னாட்டு நிதியம் (ஐ.எம்.எஃப்) பணம் தரவேண்டுமானால், கடன் கொடுத்த நாடுகள் முதலில் தங்கள் கடனைத் தளர்த்த உறுதி தரவேண்டும். முன்பு பணக்கார நாடுகளின் பாரிஸ் கிளப் இதைப் பேசி முடிக்கும். இந்தியாவும் சீனாவும் அதில் உறுப்பினர் அல்ல. இந்தியா 2023 ஜனவரியில் முதலில் உறுதி கொடுத்தது. சீனாவின் உறுதி வந்த பிறகு, மார்ச் 20 அன்று சுமார் 300 கோடி டாலர் திட்டத்துக்கு நிதியம் ஒப்புதல் தந்தது. பிறகு இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் கூட்டாகத் தலைமை தாங்கிய குழு ஒருபுறம், சீனாவின் எக்ஸிம் வங்கி (ஏற்றுமதி-இறக்குமதி வங்கி) தனியாக ஒருபுறம் பேசின. ஒரே மேசையில் உட்கார்ந்தால் யார் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். சீனா அதை விரும்பவில்லை என்பது என் கருத்து. ஜெனீவாவில் சலுகை கேட்கும் இந்தியா கொழும்பில் கடன் கொடுத்த நாடாக உட்கார்ந்தது, 2022இல் ஏறத்தாழ 400 கோடி டாலர் உதவியும் செய்தது. காத்திருந்த மாதங்களின் விலையைக் கொடுத்தவர்கள் மன்னாரிலிருந்து படகேறி மணல்திட்டில் இறங்கிய குடும்பங்கள்.

கேள்வி: பிரிக்ஸ் வந்துவிட்டதே, இனி பன்னாட்டு நிதியம் எதற்கு? (வாசகர், கீழக்கரை)

நிதியத்தில் பெரிய முடிவுகளுக்கு 85 விழுக்காடு வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் சுமார் 16.5 விழுக்காடு இருப்பதால் அது ஒன்றே தடுக்கலாம். பிரிக்ஸ் வங்கியில் அதைத் தொடங்கிய பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா ஐந்துக்கும் சமபங்கு, யாருக்கும் தடுக்கும் உரிமை இல்லை. ஆனால் பிரிக்ஸ் 2014இல் ஏற்படுத்திய 10,000 கோடி டாலர் அவசர நிதி ஏற்பாட்டின் விதியைப் படித்துப் பாருங்கள். ஒரு நாடு தனக்குரிய பங்கில் 30 விழுக்காட்டைத்தான் அப்படியே எடுக்கலாம். மீதி 70 விழுக்காட்டுக்குப் பன்னாட்டு நிதியத்துடன் ஏற்கெனவே ஒரு திட்டம் போட்டிருக்க வேண்டும்.