கருஞ்சீரகத்தில் எந்த ரகம் நல்ல விளைச்சலும் நல்ல எண்ணெயும் தரும்?

எண்ணெய்ச் சதவீதத்தை மட்டும் பார்த்து ரகத்தை முடிவு செய்யாதீர்கள். முதுகலைப் படிப்புக்காக ராஜஸ்தானில் ஒரு ரபி (குளிர்காலச் சாகுபடி) பருவம் முழுக்கக் கருஞ்சீரக வகைகளை அருகருகே விதைத்து ஒப்பிட்டவன் நான். அஜ்மீர் பக்கம் தபீஜியில் இருக்கும், விதை மசாலாப் பயிர்களுக்கான தேசிய ஆராய்ச்சி மையம் வெளியிட்ட அஜ்மீர் நிஜெல்லா-1 தான் எங்களுக்கு ஒப்பீட்டு ரகம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். எக்டருக்கு 800 கிலோ விளைந்து, அதில் எண்ணெய் 32 சதவீதம் என்றால் 256 கிலோ. இன்னொன்றில் எண்ணெய் 38 சதவீதம், ஆனால் விளைச்சல் 650 கிலோதான் என்றால் 247 கிலோ. சதவீதத்தில் ஜெயித்தது எடையில் தோற்றுவிடுகிறது. விளைச்சலைப் பெரும்பாலும் தீர்மானிப்பது செடிக்கு எத்தனை காய் என்பதுதான். விதை அவ்வளவு சிறியது. 1000 விதை சேர்ந்தாலே இரண்டு மூன்று கிராம்தான் வரும்.

அறுவடையில் நான் ஒரு தவறு செய்தேன். எல்லா வகைகளையும் ஒரே நாளில் அறுக்கலாம் என்று காத்திருந்தேன். முன்கூட்டியே முற்றிய வகையில் காய்களின் நுனி வாய் பிளந்திருந்தது. செடியைத் தொட்டதுமே உள்ளிருந்த கறுப்பு விதைகள் பொலபொலவென்று மண்ணில் கொட்டின. தராசில் அந்த வகை பின்தங்கியது, அது அதன் குறையே இல்லை. அதனால் ஒவ்வொரு வகையையும் அது முற்றும்போதே அறுத்துவிடுங்கள், பனி ஈரம் காயாத காலை நேரத்தில்.

சரி, எண்ணெயின் தரம். பிழிந்தெடுக்கும் எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலிக் அமிலம் என்ற, எளிதில் கெடும் கொழுப்பு அமிலம். அதனால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். மருந்துக்காகத் தேடப்படும் தைமோகுயினோன் என்ற வேதிப்பொருள் வேறு கதை. அது விதையில் சொற்ப அளவே உள்ள ஆவியாகும் எண்ணெயில்தான் முக்கியமாக இருக்கிறது, வகைக்கு வகை வெகுவாக மாறும். வெளிச்சமும் சூடும் அதைச் சிதைத்துவிடும். வாங்குபவர் இதைக் கேட்டால் தனியே பரிசோதித்தே ஆக வேண்டும், மொத்த எண்ணெய் அளவிலிருந்து ஊகிக்க முடியாது.

அப்புறம், வடக்கிலிருந்து விதை வாங்கினால் கலோஞ்சி என்று கேளுங்கள். காலா ஜீரா என்றால் இமயமலைப் பக்கம் விளையும் வேறொரு செடியின் விதையைத் தந்துவிடுவார்கள்.