ஜாக் சிக் பிரதி: 1964 என்று போட்டிருந்தால் முதல் அச்சா?

நண்பரே, பழைய சாமான் சந்தையில் பார்த்த ரெண்டு ஜாக் சிக் குட்டிப் புத்தகங்களில் (கிறிஸ்தவ மதப் பிரசாரத்துக்காக அந்த அமெரிக்கர் வெளியிட்ட படக்கதைகள்) படம் வேறு வேறு கையாக இருக்கிறது, ஒன்று போலியா, 1964 என்று போட்ட 'திஸ் வாஸ் யுவர் லைஃப்' முதல் அச்சா, 40 டாலர் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போலி இல்லை. சிக் வரைந்தது கேலிச்சித்திரம் மாதிரி, உருண்டை மூக்கு, அகலத் திறந்த வாய், எளிய கோடு. மற்றது நிழலும் தசையுமாகத் தத்ரூபமாக இருந்தால் அது ஃபிரெட் கார்ட்டர் வரைந்ததாகத்தான் இருக்கும், 1970களிலிருந்து சிக்கின் பதிப்பகத்துக்கு வரைந்த கறுப்பின ஓவியர், பெயர் போடாமலே பல வருடம் வேலை செய்தார், 1980-ல்தான் சிக் அவரைப் பற்றி வெளியே சொன்னார். எனக்குக் கேட்டால் கார்ட்டர்தான் பெரிய கலைஞர். கதைகளில் கத்தோலிக்கர் மேல் கொட்டியிருக்கும் வெறுப்பு வேறு விஷயம், அதை என்னால் படிக்க முடியாது.

ஆனால் 40 டாலர் வேண்டாம். அந்த 1964 காப்புரிமை ஆண்டு, அச்சிட்ட ஆண்டு இல்லை. திரும்பத் திரும்ப அச்சடித்து, நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் போட்டு, சபைகள் கட்டுக்கட்டாக வாங்கிப் பேருந்து நிறுத்தத்திலும் கழிப்பறையிலும் வைத்துவிட்டுப் போகிற சரக்கு அது, புதுசே சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பின்னட்டையில் சபை முத்திரை குத்த விட்டிருக்கும் காலி இடத்தைப் பாருங்கள், பழைய முகவரி ஏதாவது இருந்தால் காலத்தை ஓரளவு ஊகிக்கலாம். அப்புறம் அதன் படத்தையும் இங்கே போடுங்கள்.