பாலாலயத்துக்கு அவசரப்படாதீங்க

உங்க கோயில் மகாமண்டபத்தைப் பெருசாக்கணும், எஸ்டிமேட்ல பாதிக்குத்தான் நன்கொடை வாக்குறுதி வந்திருக்கு, ஆனா கமிட்டி அடுத்த மாசமே பாலாலயம் (திருப்பணி முடியற வரைக்கும் சாமியோட சக்தியைத் தற்காலிகமா வேற உருவத்துக்கு மாத்தி வைக்கிற சடங்கு) பண்ணணும்னு நிக்குதுன்னு எழுதியிருந்தீங்க. தயவுசெஞ்சு கொஞ்சம் நிறுத்துங்க. நோட்டுல எழுதின தொகை வேற, பேங்க்ல விழுந்த தொகை வேற. எங்க கோயில்ல இந்த வித்தியாசத்தைப் பாக்காம பாலாலயம் பண்ணிட்டோம், சாமிய அத்திப்பலகைச் சித்திரத்துல ஆவாஹனம் பண்ணியாச்சு, கருவறை மூடியாச்சு, பாதி வேலையில பணம் தீந்துபோய் ரெண்டு வருஷம் அந்தப் பலகைக்கு முன்னாடிதான் விளக்கேத்தினோம். வயசானவங்க மூலவரைப் பாக்காமலே போயிடுவோமோன்னு கேட்டப்ப பதில் சொல்ல முடியல.

அதனால முதல்ல ஸ்தபதியையும் (கோயில் கட்டுற சிற்பி) ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரையும் ஒண்ணா உக்கார வச்சு வரைபடத்தை முடிங்க, கருவறை அளவை ஒட்டித்தான் மண்டப அளவும் தூண் இடைவெளியும் வரும், கல்லு வெட்டினப்புறம் மாத்தவே முடியாது. மழைத்தண்ணி வடிகால், மடப்பள்ளி, கழிவறை இதெல்லாம் அதே வரைபடத்துல வரணும்.

திருப்பணிக்குத் தனி அக்கவுன்ட் தொடங்குங்க, தினசரி பூஜைப் பணத்தைத் தொடாதீங்க. ஒரு தூண், ஒரு படின்னு பிரிச்சு உபயம் கேட்டா ஜனங்க மனசாரக் குடுப்பாங்க. வரவு செலவை மாசாமாசம் நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க. கருவறையத் தொடாத வெளிவேலைய இப்பவே ஆரம்பிக்கலாமான்னு உங்க சிவாச்சாரியார்கிட்டயோ பட்டாச்சாரியார்கிட்டயோ கேட்டுப் பாருங்க.