பெண் குழந்தைக்குக் கத்னா: மார்க்கத்தில் அதற்கு என்ன இடம்?

கேள்வி (கல்முனையிலிருந்து ஒரு தாய்): மகள் பிறந்து இன்னும் பத்து நாளில் நாற்பது நாள். கத்னா செய்ய, அதாவது பிறப்புறுப்பில் வெட்டவோ கீறவோ, அதைச் செய்கிற ஒஸ்தா மாமியைக் கூப்பிட வேண்டும், செய்யாவிட்டால் பிள்ளை முஸ்லிமே இல்லை என்கிறார் மாமியார். உண்மையா?

பதில்: இல்லை சகோதரி. எல்லாப் பிள்ளைகளும் ஃபித்ராவில், அதாவது இறைவன் படைத்த இயல்பில்தான் பிறக்கின்றன என்பது புகாரி, முஸ்லிம் என்ற இரு தொகுப்புகளிலும் உள்ள ஹதீஸ் (நபிமொழி). பிளேடு பட்ட பிறகுதான் முஸ்லிம் என்று எங்கேயும் இல்லை. பெண் கத்னா பற்றிக் குர்ஆனில் ஒரு வசனமும் கிடையாது. நபி (ஸல்) அவர்களுக்கு 4 பெண் மக்கள். அவர்களில் ஒருவருக்காவது செய்ததாக ஆதாரபூர்வமான செய்தி இல்லை.

கேள்வி (கொழும்பு): மதீனாவில் கத்னா செய்துவந்த பெண்ணிடம், 'ஒட்ட வெட்டிவிடாதே' என்று நபியவர்கள் சொன்னதாக ஹதீஸ் இருக்கிறதே? நாம் ஷாஃபிஈ மத்ஹபை (சட்டப் பள்ளியை) பின்பற்றுகிறவர்கள். அந்த மத்ஹபில் இது வாஜிப் (கட்டாயக் கடமை) அல்லவா?

பதில்: மத்ஹபில் அப்படித்தான் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆண், பெண் இருவருக்கும் வாஜிப் என்றே ஷாஃபிஈ அறிஞர் இமாம் நவவி எழுதியிருக்கிறார். ஆனால் ஹனஃபி, மாலிக்கி மத்ஹபுகளின் நூல்களில் பெண்ணுக்கு அது கடமை இல்லை. 'மக்ருமா', அதாவது சிறப்பான செயல் என்ற அளவில்தான். ஐவேளைத் தொழுகையில் இப்படி மத்ஹபுகள் பிரிந்ததுண்டா? தெளிவான கட்டளை இருந்திருந்தால் இதிலும் பிரிந்திருக்க மாட்டார்கள்.

நீங்கள் சொல்லும் ஹதீஸ் அபூதாவூத் தொகுப்பில் வருகிறது. அறிவிப்பாளர் முஹம்மத் பின் ஹஸ்ஸான் யாரென்று அறியப்படாதவர், ஹதீஸ் பலவீனமானது என்று இமாம் அபூதாவூதே அதன் கீழே எழுதிவிட்டார். பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) ஹதீஸைச் சொல்கிறவர்கள் அந்த வரியை விட்டுவிடுகிறார்கள். எனக்குப் பெரிய வருத்தம் அதுதான். 'ஆணுக்கு சுன்னத், பெண்ணுக்கு மக்ருமா' என்ற ஹதீஸும் பலவீனமானதே. 'இரு கத்னா இடங்கள் சந்தித்தால் குளிப்பு கடமை' என்ற ஹதீஸ் ஸஹீஹ் (ஆதாரபூர்வமானது) தான். ஆனால் அது குளிப்பைப் பற்றிய சட்டம். அரபிகளிடம் அந்த வழக்கம் இருந்தது என்பது அதிலிருந்து தெரிகிறது, செய்யச் சொன்னதாகத் தெரியவில்லை. எகிப்தில் கிறிஸ்தவர்களான கோப்துகளிடமும் இதே வழக்கம் இருந்திருக்கிறது.

அதே எகிப்தில் 2007-ல் கத்னாவின்போது ஒரு சிறுமி இறந்துபோனாள். அதன் பிறகு அந்நாட்டின் அன்றைய முஃப்தி (மார்க்கத் தீர்ப்பு சொல்பவர்) அலீ ஜும்ஆ இது ஹராம் (தடுக்கப்பட்டது) என்று அறிவித்தார். அவரும் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்தான்! 2008-ல் அங்கே சட்டமும் தடுத்தது. இலங்கையிலோ அதே 2008-ல் மார்க்க அறிஞர்களின் சபையான ஜம்இய்யத்துல் உலமா இதைக் கடமை என்று ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தது. 2018-ல் சுகாதார அமைச்சு, மருத்துவர்கள் யாரும் இதைச் செய்யக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. 'தீங்கு செய்வதும் கூடாது, பதிலுக்குத் தீங்கு செய்வதும் கூடாது' என்ற ஹதீஸை நான்கு மத்ஹபும் ஏற்கின்றன. அதை வைத்துப் பார்த்தால் எனக்கு முஃப்தியின் தீர்ப்புதான் சரி.

கேள்வி: எங்கள் ஊரில் வெட்டுவதில்லை, சும்மா ஒரு கீறல்தான். அதிலும் தப்பா?

பதில்: நாற்பது நாள் பிள்ளையின் அந்த உறுப்பு எவ்வளவு சிறியது என்று யோசித்துப் பாருங்கள். துள்ளுகிற பிள்ளையிடம் கீறல் எங்கே நிற்கும் என்று யாரால் சொல்ல முடியும்? உலக சுகாதார நிறுவனம் குத்துவதையும் கீறுவதையும் பெண் உறுப்புச் சிதைப்பின் நான்காம் வகையாகத்தான் சேர்த்திருக்கிறது. உடலுக்கு ஒரு நன்மையும் இல்லை.

கேள்வி: எனக்கும் சின்ன வயதில் செய்திருக்கிறார்கள். அப்படியென்றால் என் உம்மா பாவியா?

பதில்: இல்லை மகளே. மார்க்கம் என்று நம்பித்தான் செய்தார்கள். அவர்களுக்காக துஆ செய்யுங்கள். சிறுநீர் கழிக்கும்போதோ தாம்பத்தியத்திலோ வலி இருந்தால் வெட்கப்படாமல் ஒரு பெண் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி (அதே கல்முனைத் தாய்): இவ்வளவும் சொல்லியும் மாமியார் கேட்காவிட்டால்?

பதில்: முதலில் கணவரிடம் பேசுங்கள், அபூதாவூதின் அந்த வரியைக் காட்டுங்கள். அவர் தன் உம்மாவிடம் பேசட்டும். மருமகள் சொல்வதைவிட மகன் சொல்வது எடுபடும். அப்புறம், நாற்பதாம் நாளன்று குழந்தையை உங்கள் மடியிலிருந்து இறக்காதீர்கள்.