பேஸ் கிட்டாரின் தந்தி இடைவெளியும் பிக்கப் தேர்வும்: கேள்வி பதில்

கேள்வி: என் நான்கு தந்தி ஜாஸ் பேஸில், உடற்பகுதியில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் தந்திக்குத் தந்தி 19 மி.மீ. இருக்கிறது. அதே 19 மி.மீ. இடைவெளி கொண்ட பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருள்) எங்கும் கிடைக்கவில்லையே?

பதில்: நீங்கள் தேட வேண்டிய எண் 19 அல்ல. தந்திகள் நட்டிலிருந்து (கழுத்தின் தலைமுனையில் தந்திகள் படியும் பள்ளமிட்ட பட்டை) பிரிட்ஜ் வரை விரிந்துகொண்டே போகின்றன. பிக்கப் எந்த இடத்தில் அமர்கிறதோ அந்த இடத்து இடைவெளிதான் கணக்குக்கு உரியது. நட்டின் அகலம் 38 மி.மீ. என்றால், அங்கே ஓரத்து இரு தந்திகளுக்கும் இடையே சுமார் 31 மி.மீ. இருக்கும். பிரிட்ஜில் அது மூன்று இடைவெளிகள் சேர்ந்து 57 மி.மீ. ஆகிவிடுகிறது. 34 அங்குலம், அதாவது 864 மி.மீ. நீளத்தில் 26 மி.மீ. விரிவு, ஆகவே பிரிட்ஜிலிருந்து கழுத்தை நோக்கி நகரும் ஒவ்வொரு 33 மி.மீட்டருக்கும் ஏறக்குறைய 1 மி.மீ. குறைகிறது. பிரிட்ஜிலிருந்து 60 மி.மீ. தள்ளி இருக்கும் பிக்கப்பின் மேல் ஓரத் தந்திகள் சுமார் 55 மி.மீ. அகலத்திலும், 150 மி.மீ. தள்ளி இருப்பதன் மேல் சுமார் 52.5 மி.மீ. அகலத்திலும் செல்லும். 1960இல் ஃபெண்டர் அறிமுகப்படுத்திய ஜாஸ் பேஸின் வழக்கமான பிக்கப் இணையில், பிரிட்ஜ் பக்கத்தது மற்றதைவிட ஏறக்குறைய 3 மி.மீ. நீளமாக இருப்பதன் காரணம் இந்த விரிவுதான்.

கணக்கைவிடக் கண்ணால் பார்ப்பதே மேல் என்பவர்கள், பிக்கப்பின் மேல் காகித ஒட்டுநாடாவை ஒட்டி, ஒவ்வொரு தந்திக்கும் நேர் கீழே கூரிய பென்சிலால் புள்ளி வைத்து, அந்தப் புள்ளிகளை வெர்னியர் அளவியால் அளந்துகொள்ளலாம். நான் இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன்.

கேள்வி: இரண்டு பிக்கப்களையும் இடம் மாற்றிப் பொருத்திவிட்டால் ஒலி கெட்டுவிடுமா?

பதில்: அப்படி ஒரு கருவி என் மேசைக்கே வந்தது. கழுத்துப் பக்கத்துக் குழியை யாரோ உளியால் நீட்டியிருந்தார்கள். பிரிட்ஜ் பக்கத்தில் பிக்கப்பின் இரு முனையிலும் ஒன்றரை மி.மீ. அளவுக்கு வண்ணம் பூசாத மரம் தெரிந்தது. உரிமையாளர் நான்கில் மெல்லியதான ஜி தந்தி அடங்கி ஒலிக்கிறது என்றார். இடம் மாற்றிச் சரியாகப் பொருத்தியபோது ஒலி சற்றுத் தெளிந்தது. ஆனால் குறை முழுமையாகத் தீர்ந்தது, அந்தப் பக்கத்துத் திருகைச் சுழற்றிப் பிக்கப்பை உயர்த்திய பிறகுதான். இவ்வகைப் பிக்கப்பில் ஒரு தந்திக்கு இரண்டு காந்தமுனைகள் (தந்திக்குக் கீழே நிற்கும் சிறு காந்தத் தண்டுகள்) உண்டு, தந்தி அவற்றின் நடுவே செல்கிறது. ஆகையால் ஒன்று, ஒன்றரை மி.மீ. விலகலை அது பெரிதும் பொறுத்துக்கொள்ளும். தந்திக்கு ஒரே முனை உள்ள பிக்கப்பில் இந்தச் சலுகையை எதிர்பார்க்கக் கூடாது.

கேள்வி: ஒரு தந்தி மட்டும் மெலிதாகக் கேட்கிறது. காரணம் இடைவெளிதானா என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: அந்தத் தந்தியை மீட்டிக்கொண்டே, பிரிட்ஜுக்கு அருகில் விரல் நுனியால் மெல்லப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். காந்தமுனையை நெருங்கும்போது ஒலியளவு தெளிவாகக் கூடினால் குற்றவாளி இடைவெளி. மாற்றமே தெரியவில்லை என்றால் புதிய பிக்கப்புக்குப் பணம் செலவழிக்காதீர்கள். என் அனுபவத்தில் பத்தில் எட்டுப் பேருக்கு வேண்டியிருப்பது உயரச் சீரமைப்பு மட்டுமே.

கடைசி ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தந்தியை அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிப்பகுதிக்கும் காந்தமுனைக்கும் உள்ள தூரத்தை அளவிடுங்கள். தடித்த தந்திப் பக்கம் 2.8 மி.மீ., மெல்லிய தந்திப் பக்கம் 2 மி.மீ. என்று தொடங்கி, பிறகு காதை நம்பித் திருத்துங்கள். மிக அருகே கொண்டுபோனால் காந்தமே தந்தியை இழுத்து, சுருதி அலையத் தொடங்கும்.

ஏ, டி ஆகிய நடுத்தந்திகள் மெலிந்திருந்தால் ஃபிரெட் பலகையின் வளைவைக் கவனியுங்கள். 7.25 அங்குல ஆர வளைவுள்ள பழைய பாணிக் கருவியில், தட்டையான பிக்கப்பிலிருந்து நடுத்தந்திகள் ஓரத் தந்திகளைவிட ஏறக்குறைய 1.8 மி.மீ. கூடுதலாக விலகி நிற்கும். 12 அங்குல வளைவில் இந்த வேறுபாடு 1.1 மி.மீ. அளவே. நடு முனைகளை உயர்த்தி அமைத்த பிக்கப் இங்கே உதவும். உங்களிடம் ஏற்கெனவே உள்ள பிக்கப்பின் காந்தத் தண்டுகளை மட்டும் தயவுசெய்து அழுத்தி நகர்த்தாதீர்கள். பழைய பாணிப் பிக்கப்களில் தலைமுடியைவிட மெல்லிய செம்புக்கம்பி அந்தத் தண்டுகளின் மேலேயே நேரடியாகச் சுற்றப்பட்டிருக்கிறது. தண்டு நகர்ந்தால் கம்பி அறுந்து பிக்கப்பே ஊமையாகிவிடும்.

கேள்வி: ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸின் பிளவுபட்ட பிக்கப்பில் இந்தச் சிக்கல் குறைவு என்கிறார்களே?

பதில்: உண்மைதான். 1951இல் வந்த முதல் பிரிசிஷனில் தந்திக்கு ஒரு முனை கொண்ட ஒற்றைச் சுருள் இருந்தது. 1957இல் அதை இரு பாதிகளாகப் பிரித்து, தந்திக்கு இரண்டு முனைகள் வைத்தார்கள். இ, ஏ ஒரு பாதியிலும் டி, ஜி மறு பாதியிலும் அடங்குவதால், ஒவ்வொரு பாதியையும் தனியே ஏற்றி இறக்கிச் சமன் செய்ய முடிகிறது.

கேள்வி: ஐந்து தந்திக் கருவிக்கு எதை வாங்குவது? அதன் இடைவெளி 16.5 மி.மீ.

பதில்: ஓரத் தந்திகளுக்கு இடையே பிரிட்ஜில் உங்களுக்கு 66 மி.மீ.; 19 மி.மீ. இடைவெளியுள்ள ஐந்து தந்திக் கருவியிலோ 76. பத்து மி.மீ. வேறுபாட்டை எந்த இரட்டை முனையும் தாங்காது. ஆகவே, தனித்தனி முனைகளுக்குப் பதிலாக நீளவாக்கில் ஒரே காந்தப் பட்டை கொண்ட பிக்கப்பையே நான் பரிந்துரைப்பேன். தந்தி எங்கே சென்றாலும் அதன் கீழே காந்தப் புலம் இருக்கும், தந்தியை வளைத்து வாசித்தாலும் ஒலி குறையாது. மேலுறையின் நீளத்தைப் பார்த்து ஏமாறாமல், உள்ளிருக்கும் பட்டையின் நீளத்தைக் கேட்டு வாங்குங்கள். பட்டையின் நுனிகளில் புலம் வலுவிழப்பதால், ஓரத் தந்திகளைத் தாண்டி இருபுறமும் அது சில மி.மீ. நீண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பி தந்தியும் ஜி தந்தியும்தான் முதலில் அடங்கும்.

கேள்வி: வெண்கலம் சுற்றிய தந்தி போட்டேன், ஒலி எல்லாத் தந்தியிலும் குறைந்துவிட்டது.

பதில்: வெண்கலத்தைக் காந்தம் ஈர்ப்பதில்லை, உள்ளே இருக்கும் எஃகு நரம்பு மட்டுமே பிக்கப்புக்குத் தெரிகிறது. நிக்கல் பூசிய எஃகு சுற்றிய தந்திக்கு மாறுங்கள், பிக்கப்பைத் தொட வேண்டியதில்லை.