முதலில் டீசல், அப்புறம் கற்பூரம்

கேள்வி: எதற்கும் காரணம் கேட்டே பழகியவன் நான். திருவொற்றியூர் கோயிலில் அம்மா கும்பிடும்போது பக்கத்தில் நிற்கவே கூச்சமாக இருக்கிறது. தர்க்கமும் பக்தியும் ஒரே தலைக்குள் இருக்க முடியுமா?
– லேத் பட்டறைத் தொழிலாளி, தண்டையார்பேட்டை

பதில்: என் சித்தப்பா தலையில் இருந்தன. காசிமேட்டில் விசைப்படகு ஓட்டியவர். கிளம்புமுன் டீசல் டேங்கில் குச்சி விட்டு ஈரம் எதுவரை என்று பார்ப்பார். இன்ஜின் ஆயிலை விரலில் தேய்த்துப் பார்ப்பார். அப்புறம்தான் கற்பூரம். அந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை. "கற்பூரம் காட்டினதாலதான் வஞ்சிரம் மாட்டுச்சா?" என்று ஒருமுறை சீண்டினேன். "காட்டிட்டு வெறுங்கையோட வந்த நாளையும் சேர்த்து எண்ணுடா" என்றார்.

தர்க்கம் சாமிக்கு எதிரான சரக்கு என்று யார் சொன்னது? மணிமேகலையின் 29ஆம் காதையைப் புரட்டுங்கள். காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள், துறவு பூண்ட மணிமேகலைக்கு முதலில் சொல்லித்தருவதே தர்க்கத்தைத்தான். அவர் தரும் உதாரணம்: மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுக்களையைப் போல. போலிக் காரணங்களையும் வகைவகையாகப் பிரித்துக் காட்டுகிறார். (படிக்கக் கொஞ்சம் கடினம்தான், உரையோடு படியுங்கள்.)

எங்கள் தெருவில் ஒருவர், "விபூதி போதும், சர்க்கரை மாத்திரையை நிறுத்து" என்றார். அங்கே சண்டை போடுங்கள். அது உடம்பைப் பற்றிய பேச்சு. ரத்தப் பரிசோதனை பதில் சொல்லிவிடும். உங்கள் அம்மா அப்படி எதையும் சொல்லவில்லையே, கும்பிடத்தானே செய்கிறார்? அடுத்த முறை அர்ச்சனைக் கூடையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். வடிவுடையம்மன் சன்னதிக் கூட்டத்தில் அவருக்குக் கை வலிக்கும்.